முதல் கவளம்

பதினொரு ஆண்டுகளாக ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். நோயாளிகளுக்கு நான் ‘டயட் மேடம்’. என் அறை கீமோ வார்டுக்கும் மருந்தகத்துக்கும் நடுவில் இருக்கிறது. மருத்துவரைப் பார்த்துவிட்டு மருந்து வாங்கப் போகும் வழியில் கால் மணி நேரம் என்னிடம் உட்காருவார்கள். ஆறு வேளைக்கு அட்டவணை எழுதித் தருவேன். ‘சிறுகச் சிறுக, அடிக்கடி’ என்று அடிக்கோடிட்டுக் கொடுப்பேன். அந்த அட்டவணைகளில் ஒன்று, கணையப் புற்றுநோய் வந்த என் அப்பாவுக்காக எழுதியது, எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் பதினாறு மாதம் ஒட்டியிருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்பா அரசுப் பேருந்தில் 31 ஆண்டுகள் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். 61 வயதில் திடீரென்று சர்க்கரை என்றார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அது கிடையாது. அடுத்த நான்கு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தார். தொலைபேசியில் எடையைச் சொன்னபோது, “கட்டுப்பாடாக இருக்கிறீர்கள் அப்பா, அப்படியே தொடருங்கள்” என்று பாராட்டினேன். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்து, கூடவே எடையும் காரணமின்றி இறங்கினால் கணையத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் என் அறைக்கு வந்து இதே கதையைச் சொல்லியிருந்தால் அன்றே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன். அப்பா சொன்னபோது மகளாகக் கேட்டு மகிழ்ந்துபோனேன். இதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு கண் மஞ்சளானது. வலி இல்லை. ஊரில் காமாலை என்றால் கீழாநெல்லிதான். மூன்று வாரம் வெறும் வயிற்றில் மோரில் கலந்து குடித்தார். இரவெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தார் என்று அம்மா பின்னால் சொன்னார். மலம் சாம்பல் நிறத்தில் போனதை அப்பா யாரிடமும் சொல்லவே இல்லை.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. வெளியிலிருந்து தொட்டுப் பார்க்க முடியாது. அதன் தலைப்பகுதி வழியாகத்தான் பித்தநாளம் சிறுகுடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே கட்டி வந்து நாளத்தை நெரித்தால் பித்தம் வழியின்றி இரத்தத்தில் ஏறும். கல்லீரல் அழற்சியால் வரும் காமாலை வேறு, இந்த அடைப்புக் காமாலை வேறு. எந்தப் பச்சிலையும் இந்த அடைப்பைத் திறக்காது. வலியில்லாத காமாலை, வெளிறிய மலம், உடம்பெல்லாம் அரிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து யாராவது சொன்னால், ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று நான் இப்போது யாரையும் விடுவதில்லை.

எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தநாளத்தில், அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தார்கள். கண் தெளிந்தது, அரிப்பு நின்றது. நோயே போய்விட்டது என்று உறவினர்கள் நினைத்தார்கள். ஆனால் கட்டி குடலுக்குப் போகும் பெரிய தமனியைச் சுற்றிக்கொண்டிருந்தது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் விப்பிள் அறுவை சிகிச்சை இப்போது முடியாது, கீமோவில் கட்டி சுருங்கினால் யோசிக்கலாம் என்றார் அறுவை மருத்துவர். கண்டுபிடிக்கும்போதே அறுவைக்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவருக்கு மேல் இருக்க மாட்டார்கள். நான்கு மருந்துகள் சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கீமோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று முடிவானது. 2011-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் இந்த மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் 11.1 மாதத்தைத் தாண்டி வாழ்ந்தார்கள், பழைய மருந்தில் 6.8 மாதம். அது நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியவர்களிடம் நடந்த ஆய்வு. அப்பாவுக்கு அப்படியே பொருந்தாது என்று தெரிந்தும், இரவில் படுத்துக்கொண்டு அந்த எண்களைத்தான் கூட்டிக் கழித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சித்தப்பாவும் அத்தையும் பிடிவாதமாக இருந்தார்கள். முதல் கீமோவுக்குக் காரில் போகும்போது அப்பாவே, “கோவா முதலமைச்சர் மூக்கில் குழாயோடு பட்ஜெட் வாசித்தாரே, அவருக்கு வந்ததுதானே எனக்கும்?” என்று கேட்டார். தினமும் நாளிதழை ஓரம் விடாமல் வாசிப்பவர். மனோகர் பாரிக்கர் 2019 ஜனவரியில் அந்தக் கோலத்தில் சட்டமன்றத்தில் நின்றதும், மார்ச் 17-இல் காலமானதும் அவருக்கு நினைவிருந்தது. காரில் யாரும் பேசவில்லை. “ஆமாம் அப்பா” என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அடுத்த அறைக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேச வேண்டியிருக்கவில்லை. அது பெரிய விடுதலை.

நான்கு மருந்துகளில் ஒன்று 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும். மருந்து ஏற்றுவதற்காக மார்பில் தோலுக்கடியில் வைத்த போர்ட்டில் ஒரு சிறிய பம்பை இணைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதைப் பையில் போட்டு, தோளிலிருந்து குறுக்காக இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வார் அப்பா; டிக்கெட் பை மாட்டிய அதே தோள், அதே பக்கம். மற்றொரு மருந்தான ஆக்ஸாலிபிளாட்டின், குளிர்ச்சியைத் தொட முடியாமல் செய்துவிடும். குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரைப் பிடித்தால் விரலில் ஊசி குத்துவது போலிருக்கும். குளிர்ந்த நீரை விழுங்கினால் தொண்டை இறுகுவது போலத் தோன்றும். சித்திரை வெயிலில் பானைத் தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டே வெந்நீர் குடித்தார். ஒவ்வொரு சுற்றிலும் நான்கைந்து நாளில் அது தணியும். தணிந்த அன்று பானையைத் திறந்து ஒரு சொம்பு முழுக்கக் குடிப்பார். அந்த நாளுக்காக அம்மா பானையைக் கழுவி நன்னாரி போட்டு வைத்திருப்பார்.

என் தொழில் தோற்ற இடத்துக்கு வருகிறேன்.

அட்டவணைப்படி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மா கிண்ணத்தோடு போய் நின்றார். அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கஞ்சி, இளநீர், சாத்துக்குடிச் சாறு. அப்பா இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொஞ்ச நாளில் அம்மாவின் காலடி கேட்டாலே கண்ணை மூடித் தூங்குவது போலக் கிடந்தார். நாற்பது ஆண்டு ஒன்றாக வாழ்ந்தவர்கள் ஒரு கிண்ணத்துக்காக ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை நான் வந்ததும் அம்மா கணக்கு ஒப்பிப்பார்: “திங்கள் இரண்டு இட்லி, செவ்வாய் ஒன்று, புதன் ஒன்றுமே இல்லை.” சரியாகச் சாப்பிடாத பிள்ளையைப் பற்றி ஆசிரியரிடம் முறையிடும் குரல் அது. நானும் ஆசிரியரைப் போலவே அப்பாவைக் கடிந்துகொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, கழிப்பறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே அம்மா தற்செயலாகச் சொன்னார்: “எண்ணெயைக் கொட்டியது போல மிதக்கிறது, எவ்வளவு ஊற்றினாலும் போக மாட்டேன் என்கிறது.”

கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன். கணையம்தான் கொழுப்பைச் செரிக்கும் என்சைமைச் சுரக்கிறது. அதன் வழி அடைபட்டால் சாப்பிட்ட நெய்யும் எண்ணெயும் உடம்பில் சேராமல் அப்படியே போய்விடும். அதற்குத்தான் என்சைம் காப்ஸ்யூல் எழுதித் தந்திருந்தார்கள்: சாப்பாட்டுக்கு 25,000 யூனிட் இரண்டு, சிற்றுண்டிக்கு ஒன்று. அம்மா அவற்றைத் தவறாமல், மற்ற மாத்திரைகளோடு சேர்த்து, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாத்திரை என்றால் சாப்பாட்டுக்குப் பின் என்பதுதானே பழக்கம். இந்தக் காப்ஸ்யூல் வாய்க்குள் போகும் முதல் கவளத்தோடு போக வேண்டும். சாப்பாடு நீண்டால் ஒன்றைப் பாதியில் போட வேண்டும். உணவு குடலுக்குப் போன பிறகு தனியாகப் போகும் என்சைமால் பெரிய பயன் இல்லை. சாப்பிட்டால் வயிறு பொருமுகிறது, கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது என்று அப்பா பயந்து போயிருந்தார். மகளிடம் மலத்தைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சம். ஊரார் எல்லோரிடமும் அதைக் கேட்கும் எனக்கு அப்பாவிடம் கேட்கக் கூச்சம்.

அன்று மதியம் குழைத்த பருப்பு சாதத்தில் நெய் விட்டு, முதல் உருண்டையோடு காப்ஸ்யூலைக் கொடுத்தோம். பத்து நாளில் பொருமல் குறைந்தது. கஞ்சியை நிறுத்தினேன், முக்கால்வாசித் தண்ணீரான அதுவே சின்ன வயிற்றை நிரப்பிவிடுகிறது. அதற்குப் பதிலாக அவித்த முட்டை, எள்ளுப் பொடியும் நல்லெண்ணெயும் தோய்த்த அரை இட்லி, கெட்டித் தயிர். சர்க்கரை சாப்பிட்டால் புற்றுநோய் வளரும் என்று பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படிப் பயந்து, பசியோடு இருக்கும் மனிதரைப் பட்டினி போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரத்தச் சர்க்கரையை இன்சுலினால் சமாளித்துக்கொண்டு, கேட்டபோது அப்பாவுக்குக் கேசரி கொடுத்தோம். இன்னொருவர், ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் இதே நோயோடு எட்டு ஆண்டு இருந்தாரே என்றார். அவருக்கு வந்தது கணையத்திலேயே தோன்றும் வேறு வகைக் கட்டி, மெதுவாக வளர்வது. நல்லெண்ணத்தோடு சொன்னவரிடம் அதை விளக்க எனக்கு மனம் வரவில்லை.

எடை சில மாதம் நின்றது. பிறகு மறுபடி இறங்கியது. ஒரு நாள் இரவு அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன்: இந்த நோய் உடம்பின் தசையைத் தானே கரைக்கிறது, எவ்வளவு ஊட்டினாலும் ஓரளவுக்கு மேல் அந்த மெலிவு திரும்பாது, அப்பா சாப்பிட மறுக்கவில்லை, பசி என்ற உணர்வையே நோய் எடுத்துவிட்டது. அம்மா வெகுநேரம் துணியால் மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: “அப்படியானால் நான் குறை வைக்கவில்லையா?”

அவர் அத்தனை மாதமும் சுமந்தது அதைத்தான். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் “ஆள் பாதியாகிவிட்டாரே” என்று சொல்லும்போதெல்லாம், தன் சமையலைச் சொல்வதாக அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. அந்த அட்டவணையை நான் தட்டைப் பார்த்து எழுதியிருந்தேன். தட்டைத் தூக்கி வந்தவரை அதில் எங்கும் எழுதவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா அட்டவணையைப் பார்க்கவில்லை. தன் தட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து சாப்பிட்டார். சில நாள் அப்பா அந்தத் தட்டிலிருந்தே இரண்டு வாய் கேட்டு வாங்குவார். சில நாள் கேட்க மாட்டார். காப்ஸ்யூல் மட்டும் பக்கத்தில் தயாராக இருக்கும்.

கட்டி சுருங்கவில்லை, அறுவை நடக்கவில்லை. கடைசி ஐந்து மாதம் வலி முதுகுக்குப் பாய்ந்தது. நள்ளிரவில் தலையணையைக் கட்டிப்பிடித்து முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பார். மல்லாந்து படுத்தால் அந்த வலி கூடும். மார்ஃபின் என்ற வலி மருந்தைச் சொன்னதும் “அதுதான் கடைசி மருந்தா?” என்று அம்மா அழுதார். வலித் தணிப்பு மருத்துவர் வீட்டுக்கு வந்து, மலச்சிக்கலுக்கான மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். அன்றிரவு அப்பா படுத்துத் தூங்கினார். அந்த மருத்துவரை முதல் மாதமே அழைத்திருக்க வேண்டும். வலித் தணிப்புப் பிரிவைச் சாவோடு சேர்த்துப் பேசும் வழக்கம் மருத்துவமனைக்குள் இருக்கும் எங்களிடமே உண்டு.

அப்பா போய் இருபது நாளில் வேலைக்குத் திரும்பினேன். என் அறையில் அதுவரை ஒரே ஒரு நாற்காலி, நோயாளிக்கு. கூட வருபவர் ஃபைலை மார்போடு அணைத்தபடி நிற்பார். இன்னொரு நாற்காலி கேட்டு வாங்கினேன். இப்போது முதலில் அவரிடம்தான், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலும் “டீ குடித்தேன்” என்பார்கள். மலத்தைப் பற்றியும் சுற்றி வளைக்காமல், இருவரையும் வைத்துக்கொண்டே கேட்கிறேன். காப்ஸ்யூலைச் சூடான கஞ்சியில் கொட்டாதீர்கள் என்றும், அது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது என்றும் சொல்லிவிடுகிறேன். முன்பு இரண்டாவதைச் சொல்லத் தயங்குவேன். ஒரு பெரியவர், தொழுகை விடாதவர், அமைதியாகக் கேட்டுக்கொண்டு போய்த் தங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் விசாரித்துவிட்டு, வேறு வழியில்லாத மருந்துக்குத் தடையில்லை என்றாராம் என்று சொல்லி மறுநாள் வந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் அவர் தானே முடிவெடுக்கும் உரிமையை நான் பறித்திருப்பேன்.

போன மாதம் அம்மா ஒரு துணிப்பையைக் கொடுத்தார். திறக்காத மூன்று காப்ஸ்யூல் டப்பாக்கள். விலை கூடிய மருந்து, முடியாதவர்களுக்குக் கொடு என்றார். காலாவதித் தேதியை மருந்தாளுநர் பார்த்துச் சரி என்ற பிறகு, கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, அம்மா நீலப் பேனாவால் எழுதியிருந்தார். அந்தப் பெண் எழுத்துக்கூட்டி வாசித்தார்: “முதல் கவளத்தோடு.”

“இது யார் எழுதியது மேடம்?” என்று கேட்டார்.

இரண்டாவது நாற்காலியைக் காட்டி, உட்காருங்கள் சொல்கிறேன் என்றேன்.