கானமயில் பார்க்கப் போன கூடாரம்

கூடாரம் என்று பெயர்தானே தவிர, சென்னையில் எங்கள் ஹாலைவிடப் பெரிது. கல் பாவிய தரை, தேக்குக் கட்டில், வெந்நீர் வரும் குளியலறை. கதவுக்குப் பதில் ஜிப், அவ்வளவுதான். ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் ஜனவரி ராத்திரிக் குளிரில் பல் கிட்டிக்கும். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் யாரோ ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்கு அடியில் வெந்நீர்ப் பை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கொடுத்த காசில் பாதி அதிலேயே செரித்துவிட்டது என்றார் இவர்.

எனக்கு அங்கே வேலை கானமயிலிடம்தான். பெயரில்தான் மயில், இது புல்வெளியில் வாழும் வேறு பெரிய பறவை (Great Indian Bustard). விடியுமுன் ஜீப்பில் பாலைவன தேசியப் பூங்காவின் சுதாசரிப் பக்கம் கிளம்பினோம். பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர். உள்ளே ஊர்களும் உண்டு, ஆட்டு மந்தைகளும் உண்டு. மணல்மேட்டைவிடப் புல்வெளிதான் அதிகம் கண்ணில் பட்டது. சிங்காரா என்கிற சின்ன மான்கள் வந்தன, போயின. வெயில் ஏறிய பிறகு வண்டியோட்டி சட்டென்று நிறுத்தி, "மாஜி, அங்கே" என்றார். சேவண் என்கிற பாலைவனப் புல்லுக்கு மேலே வெள்ளைக் கழுத்து, தலையில் கறுப்புக் குல்லாய். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்கும் பெரியவர் மாதிரி, அவசரமே இல்லாமல் நடந்து போனது.

அதற்குப் பின்னால் வானம் முழுக்க மின்கம்பிகள். ஆண் பறவை 15 கிலோ வரை எடை போடும். நேர் எதிரே இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. கம்பி கண்ணில் படும்போது திரும்ப நேரமிருக்காது. பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். நாட்டில் மிச்சம் இருப்பது 200கூட இல்லை. கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024இல் அதைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. "நம்ம கூடாரத்து ஹீட்டருக்கும் கரண்ட் கம்பியிலதான் வருது" என்று நேரம் பார்த்துச் சொன்னார் இவர்.

ராத்திரி, பரம்பரைப் பாட்டுக்காரர்களான மாங்கணியார் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் கமாய்ச்சா என்கிற வில் போட்டு வாசிக்கும் தந்தி வாத்தியத்தை வாசித்தார். மைக் கிடையாது. சம் என்ற ஊரின் மணல்மேட்டுப் பக்கம் வரிசையாக இருக்கும் முகாம்களில் டிஜே அலறும், அங்கே மட்டும் அறை போடாதீர்கள்.

சாப்பாட்டில் கேர் சாங்கிரி என்கிற கறி. கேர் ஒரு பாலைவனப் புதரின் சின்னக் காய். சாங்கிரி வேறொன்றுமில்லை, நம் சிவன் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியின் காய்! ஊர்க் கடைவீதியில் காய்ந்தது கால் கிலோ வாங்கி வந்து, ஊறவைத்து வத்தக்குழம்பில் போட்டுப் பார்த்தேன். மணத்தக்காளி தேவலை.