ஒரு நாள் பிந்திப் பிறந்தவர்கள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் உறுப்பினர் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டபோது, பிறந்த திகதியைத் தனியே கேட்காமல் இலங்கைத் தேசிய அடையாள அட்டை இலக்கத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்று எண்ணினேன். பழைய இலக்கத்தின் முதல் 2 எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த 3 எண்கள் அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும்; பெண்களாயின் அந்நாளுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில், இலக்கத்தை வாங்கித் திகதியைத் தரும் பத்து வரிச் சார்பு ஒன்றை எழுதி, 1995 ஜூலையில் பிறந்த என்னுடைய இலக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். சரியாக வந்தது, அத்துடன் விட்டுவிட்டேன்.

சேர்வரில் ஏற்றிய மறுநாள் செயலாளர் அண்ணை அழைத்தார். "தம்பி, என்னை ஒரு நாள் பிந்திப் பிறக்க வைச்சிட்டீர்" என்றார். என் மடிக்கணினியிலோ அவருடைய இலக்கம் சரியான திகதியையே காட்டியது.

இருந்தது ஒரு பிழையன்று, இரண்டு. அடையாள அட்டைக் கணக்கில் எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள். ஆகவே 1995 மார்ச் 1 அங்கே 061. ஜாவாஸ்கிரிப்டில் திகதிகளைக் கையாளும் டேட் உண்மையான நாட்காட்டியைப் பின்பற்றுவதால் 61ஆம் நாளை மார்ச் 2 என்கிறது. அந்தத் திகதியை எழுத்தாக்க நான் பயன்படுத்திய டு-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் நேரத்தை யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றுவதால், ஐந்தரை மணித்தியாலம் முன்னிற்கும் நமது நள்ளிரவு முந்திய நாளுக்குப் போய்விடுகிறது. ஒன்று கூட்டியதை மற்றொன்று கழித்ததால் வீட்டில் விடை சரியாயிற்று. யூடிசியில் ஓடும் சேர்வரில் முதற்பிழை மட்டும் எஞ்சியது. ஜனவரியில் பிறந்த ஒருவரையாவது வீட்டில் சோதித்திருந்தால் அன்றே அகப்பட்டிருக்கும்.

சார்பின் விடை சரியா என்று தானே பார்க்கும் சோதனை நிரல் எழுதுவதென்றால் ஜெஸ்ட் போன்ற ஒரு கருவியை நிறுவி, அதன் அமைப்புக் கோப்புகளுடன் மல்லுக்கட்ட வேண்டும் என்றே ஒத்திப்போட்டு வந்தேன். இவ்வளவு சிறிய வேலைக்கு அது தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் மென்பொருளில், பதிப்பு 18இலிருந்து சோதனை ஓட்டி உள்ளேயே வருகிறது; 20இல் அது நிலையானதாகிவிட்டது. பெயர் 'டொட் டெஸ்ட் டொட் ஜேஎஸ்' என்று முடியும் கோப்பொன்றில் சோதனைகளை எழுதி, டெர்மினலில் 'நோட்' என்பதற்குப் பின் இரட்டைக் கோடிட்டு 'டெஸ்ட்' என்று தட்டினால் போதும்.

அதைவிட அதிக நேரம் எடுத்தது சார்பைப் படிவத்திலிருந்து பிரித்தெடுப்பது. இப்போது அது ஓர் எழுத்துச்சரத்தை வாங்கி, ஆண்டு, மாதம், நாள் என மூன்று எண்களைக் கொண்ட பொருளை (ஒப்ஜெக்ட்) திருப்பித் தருகிறது. டேட் அதற்குள் இல்லை. அப்பொருளை எதிர்பார்த்த விடையுடன் ஒப்பிட, உள்ளடக்கத்தைப் பார்க்கும் டீப்-ஸ்ட்ரிக்ட்-ஈக்வல் வேண்டும். வெறும் ஸ்ட்ரிக்ட்-ஈக்வல், உள்ளடக்கம் ஒன்றாயிருந்தாலும் இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்று தோற்கடித்துவிடும். இதிலேயே எனக்கு அரை மணித்தியாலம் போயிற்று.

ஆறு சோதனைகள் எழுதினேன்: 1995இன் 061, அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 561, 1996இன் 060 பெப்ரவரி 29 ஆவது, ஜனவரி 1, புதிய 12 இலக்க வடிவம், கடைசியாக 1995இன் 060. லீப் வருடம் அல்லாத ஆண்டில் பெப்ரவரி 29 இல்லாததால், கடைசி இலக்கத்தைச் சார்பு மறுக்க வேண்டும். யூடிசியிலும் கொழும்பு நேரத்திலும் ஓட்டிப் பார்த்தேன், ஆறும் தேறின.

நேற்று ஒருவர் பழைய இலக்கத்தின் இறுதியில் வரும் ஆங்கில எழுத்து 'வீ'யைச் சிறிய எழுத்தில் தட்ட, சார்பு ஏற்கவில்லை. ஏழாவது சோதனையை முதலில் எழுதி, அது தோற்பதைக் கண்ட பிறகே சார்பைத் தொட்டேன்.