நேற்றுக் கோப்ரல், இன்று கெடெற்

ஐந்தாறு வருடம் சிப்பாயாக இருந்து, அதிகாரிப் பயிற்சிக்குக் கெடெற்றாகத் தெரிவாகித் தியத்தலாவை இராணுவ அக்கடமிக்குப் போகும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு ஓட்டமும் ரைபிளும் சிக்கலே இல்லை. பதுளை பஸ் ஏறும்போதே அதெல்லாம் உடம்பில் ஊறியிருக்கும். இடறுவது வேறிடத்தில். உயர்தரம் முடித்து நேரே வந்த இருபது வயதுப் பையன் இன்றைக்கு செக்சன் (சிறு அணி) கொமாண்டர், நீங்கள் அவனுடைய ஆள். அந்தப் பொறுப்பு ஒவ்வொருவராகச் சுற்றி வரும்.

நம்முடைய வயல்காரருக்கு இது பழகிய சங்கதி. வட்டைக்கு, அதாவது ஒரு வயற்பரப்புக்கு, பொறுப்பான வட்டை விதானையும் ஒரு விவசாயிதான். வேளாண்மையில் அவரைவிட மூத்தவர்கள் அதே வட்டைக்குள் இருப்பார்கள். ஆனாலும் தண்ணீர் முறையை அவர்தான் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் முறை குழம்பும்.

பையன் கட்டளை சொல்வது ஐந்து தலைப்பில்: நிலைமை, பணி, செயற்படுத்தல், நிர்வாகமும் வழங்கலும், கட்டளையும் தொடர்பும். புதியவர்கள் வழுக்குவது பெரும்பாலும் நான்காவதில்தான். தண்ணீர் எங்கே நிரப்புவது, மாற்று பற்றரி யாரிடம் என்பதெல்லாம் விடுபட்டுவிடும். கூட்டத்துக்கு நடுவில் திருத்தாதீர்கள். ஆட்களைக் கூப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்னர் தனியே போய், “மச்சான், தண்ணி எங்க நிரப்புறதெண்டு சொல்லப்போறியா?” என்று கேட்டால் போதும். அவன் தன் வாயால் சொல்வான். யார் நினைவூட்டியது என்பது வெளியே வரவேண்டியதில்லை.

ஆயுதப் பாதுகாப்பு மட்டும் விலக்கு. குழல் ஆளின் பக்கம் திரும்பினால் யார் கொமாண்டர் என்று பார்க்காமல் “நிறுத்து” என்று கத்த வேண்டும்.

“எங்கட பழைய யுனிட்டில இப்பிடித்தான்” என்ற பேச்சை விட்டுவிடுங்கள். யுனிட்டுக்கு யுனிட் நடைமுறை மாறும், இங்கே புள்ளி போடுவது இங்கத்தைய முறைக்கு. இதைவிட நுட்பமான கேடு ஒன்று உண்டு. பையன் கட்டளை சொன்னதும் மற்றவர்கள் திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது முதல் ஆளாக எழுந்து வேலையைத் தொடங்குங்கள். சந்தேகம் கேட்டு வருபவரை அவனிடமே அனுப்புங்கள். பிழை விடட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருப்பது எல்லாவற்றிலும் மோசம். இரவில் நனைவது முழு செக்சனும்தான்.

உங்கள் முறை வரும்போது தோளில் பட்டி இருக்காது, கோப்ரல் குரல் எடுபடாது. பழையவர்கள் எல்லாவற்றையும் தாமே செய்து முடிப்பார்கள், அதில்தான் நேரம் போகும். இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் திட்டத்துக்கு, மீதி ஆட்கள் தயாராவதற்கு. பகல் 12 மணிக்குப் பணி கிடைத்து மாலை 6 மணிக்குப் புறப்படுவதென்றால், 2 மணிக்குள் கட்டளை சொல்லியாக வேண்டும்.

காவல் பட்டியலில்தான் ஆட்கள் உங்களை அளப்பார்கள். 9 பேர், இரவு 10 முதல் காலை 5 வரை, ஒரே நேரத்தில் இருவர் என்றால் ஒருவருக்கு ஏறத்தாழ 93 நிமிடம். இருவரையும் ஒன்றாக மாற்றாமல் 47 நிமிடத்துக்கு ஒருவராக மாற்றுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும், இப்படி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழகிய கண் ஒன்று காவலில் இருக்கும். இந்தக் கணக்கில் ஒருவருக்கு மட்டும் முதல் துண்டும் கடைசித் துண்டும் விழும். நடுவில் தூக்கம் உடையாத இடம் அது, கால் கொப்பளித்தவருக்குக் கொடுங்கள். தூக்கத்தை நடுவில் உடைக்கும், இரவு ஒரு மணியளவில் தொடங்கும் முறையில் உங்கள் பெயரை எழுதுங்கள்.

பொறுப்பை அடுத்தவனிடம் கொடுக்கும்போது வெறும் கையோடு விடாதீர்கள். யாருக்குக் கால் புண், எந்தப் பற்றரி இறங்கிவிட்டது, எத்தனை லீற்றர் தண்ணீர் மிச்சம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.