தெளியாத நோயாளியும் தப்பான மாதிரியும்

வலிப்பு நின்று இரண்டு நாளாகியும் ஆள் தெளியவில்லை. கூப்பிட்டால் கண் திறக்கிறார், பேச்சு குழறுகிறது, மறுபடி தூங்கிவிடுகிறார். நரம்பியல் வார்டில் இதற்கு முதலில் வரும் விளக்கம், ‘வெளியே தெரியாமல் வலிப்பு ஓடுகிறது’ என்பதுதான். உடனே மருந்தின் அளவு ஏறும். சில வேளை அது சரியாகவும் இருக்கும். மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் மருந்துச் சீட்டில் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து இருந்தால், அளவை ஏற்றுமுன் ரத்த அம்மோனியாவைப் பார்த்தே ஆக வேண்டும்; அது ஏறினாலும் ஆள் இப்படித் தெளியாமல் கிடப்பார்.

கல்லீரல் பரிசோதனை சரியாக இருக்கும். மருந்தின் ரத்த அளவும் மில்லி லிட்டருக்கு 50–100 மைக்ரோகிராமுக்குள் நிற்கும். அதைப் பார்த்து ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதிவிடுவதில்தான் ஏமாறுகிறோம். கல்லீரல் கெடாமலேயே வால்ப்ரோயேட், அம்மோனியாவை யூரியாவாக மாற்றி வெளியேற்றும் யூரியா சுழற்சியை மந்தமாக்கும், கொழுப்பை எரிக்க உடலுக்கு வேண்டிய கார்னிடினையும் குறைக்கும். கூடவே டோபிராமேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் போனால் ஆபத்து அதிகம். கைகளை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்லும்போது கை சட்டென விழுந்து விழுந்து எழுந்தால் சந்தேகம் வலுக்கும்.

பாதி வேலை கெடுவது ரத்தம் எடுக்கும்போது. கையில் பட்டையை நெடுநேரம் இறுக்கி, முஷ்டியை மூடித் திறக்கச் சொன்னால் தசையே அம்மோனியாவை விடும். எடுத்த குழாய் உடனே பனிக்கட்டியில் இறங்கி நேராக ஆய்வகம் போக வேண்டும். மேசையில் அரை மணி கிடந்தால் ரத்த அணுக்களே அம்மோனியாவை உண்டாக்கி அளவை ஏற்றிக் காட்டிவிடும். அந்த அளவை நம்பி நல்ல மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு.

அம்மோனியா உண்மையிலேயே ஏறியிருந்தால் வால்ப்ரோயேட்டை நிறுத்தி, குறைந்த கார்னிடினை ஈடுகட்ட லீவோகார்னிடின் கொடுப்பார்கள். அந்த இடத்தை வேறு மருந்தால் நிரப்பாமல் விட்டால் வலிப்பு திரும்பும். நோயாளி வீட்டில் தானாக நிறுத்துவது இன்னும் மோசம்.

பினிடோயின் என்ற வலிப்பு மருந்தில் கோளாறு வேறு. அறிக்கையில் ரத்த அளவு மில்லி லிட்டருக்கு 12 மைக்ரோகிராம் என்றிருக்கும், நிம்மதியாக இருப்போம். இந்த மருந்து ஒட்டிக்கொள்ளும் ரத்தப் புரதமான அல்புமின் டெசிலிட்டருக்கு 2 கிராம் என்றால், 0.2ஐ அல்புமினால் பெருக்கி 0.1 கூட்டி, வந்த 0.5ஆல் அந்த 12ஐ வகுக்க வேண்டும்: 24. இருபதுக்கு மேல் என்பதால் கருவிழித் துடிப்பும் தள்ளாட்டமும் எதிர்பார்க்க வேண்டியவையே. முடிந்தால் புரதத்தோடு ஒட்டாத, கட்டற்ற பினிடோயினையே அளப்பது நல்லது.

வால்ப்ரோயேட்டுக்குப் பதிலாக அடிக்கடி வருவது லெவெடிராசெட்டம். அம்மோனியா தொல்லை இதில் பெரிதாக இல்லை. எரிச்சல், கோபம், அரிதாக மனப்பிறழ்வு உண்டு. நோயாளி இதைச் சொல்ல மாட்டார். வலிப்பு வந்ததா என்று மட்டும் கேட்டு அனுப்பாமல், வீட்டில் ஆள் முன்போல இருக்கிறாரா என்று உடன் வந்தவரைத் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும்.