இம்ப்ளான்ட் பல்: ஸ்கேனும் அட்டையும் இல்லாமல் நான் பட்ட பாடு

ஈறைக் கீறித் திறந்த பிறகுதான், இம்ப்ளான்ட் வைக்க, அதாவது இழந்த பல்லின் வேருக்குப் பதிலாக டைட்டானியத் திருகு ஒன்றைப் பதிக்க, எனக்குத் தாடை எலும்பு போதாது என்பது அந்த மருத்துவருக்குத் தெரிய வந்தது. பாதி முகம் மரத்துப் போய் நாற்காலியில் சாய்ந்திருந்த என்னிடம், “இன்றைக்கு இம்ப்ளான்ட் வைக்க முடியாது, தையல் போட்டு மூடிவிடுகிறேன்” என்று அவர் சொன்னார். ஒரு வாரம் வீங்கிய கன்னத்தோடு கஞ்சி குடித்ததுதான் அந்த அறுவை சிகிச்சையால் நான் கண்ட பலன். இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை, ஏனென்றால் இது முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடிய விஷயம்.

வேர் சிகிச்சை செய்த கீழ்க் கடைவாய்ப்பல்லில் விரிசல் விட்டதால் அதைப் பிடுங்க வேண்டியதாயிற்று. வெளியே தெரியாத இடம்தானே என்று இரண்டு ஆண்டுகள் அப்படியே விட்டுவிட்டேன். பல் இல்லாத இடத்தில் எலும்பு கரையத் தொடங்கும் என்றும், முதல் ஓராண்டிலேயே அதன் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடக்கூடும் என்றும் பல்லைப் பிடுங்கிய அன்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் காத்திருக்கவே மாட்டேன். பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியை நோக்கிச் சாய்வதும், எதிரே உள்ள மேல்பல் மெல்லக் கீழிறங்குவதும்கூட எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தன.

முதல் மருத்துவர் எடுத்தது சாதாரண எக்ஸ்ரே மட்டுமே. அதில் எலும்பின் உயரம் தெரியுமே தவிர அகலம் தெரியாது. இரண்டாவதாக நான் போன மருத்துவர் சி.பி.சி.டி. என்னும் முப்பரிமாண ஸ்கேன் எடுக்காமல் பேச்சையே தொடங்கவில்லை. திரையில் என் தாடையின் குறுக்குவெட்டைக் காட்டினார். கீழே அகன்றும் மேலே கத்தி விளிம்புபோல் மெலிந்தும் ஒரு சாம்பல் நிறத் துண்டு இருந்தது; அதன் அடிப்பகுதியில் சிறிய கறுப்பு வட்டம் ஒன்று, அதுதான் நரம்பு செல்லும் குழாய். அந்த நரம்பில் காயம் பட்டால் கீழுதடும் மோவாயும் மரத்தே போய்விடலாம் என்பதால், குழாய்க்கும் இம்ப்ளான்ட் முனைக்கும் இடையே குறைந்தது 2 மில்லிமீட்டராவது விட வேண்டும் என்று விளக்கினார். 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இம்ப்ளான்டைச் சுற்றி இருபுறமும் எலும்பு மிஞ்ச வேண்டும்; எனக்கோ மேற்பகுதியில் மொத்த அகலமே 4 மில்லிமீட்டரை எட்டவில்லை. ஸ்கேன் பார்க்காமல் அறுவைக்கு நாள் குறிப்பவரிடம் வாயைத் திறக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, புகைப்பழக்கம் உண்டா, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறேனா என்றெல்லாம் அவர்தான் கேட்டார். முதல் இடத்தில் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்து நடுவில் செயற்கைப் பல் பொருத்தும் பிரிட்ஜ் கட்டலாம் என்ற வழியையும் சொன்னார். ஆனால் அதற்கு இருபக்கமும் உள்ள பற்களை அராவ வேண்டும். என் பக்கத்துப் பற்கள் சொத்தை இல்லாமல் நன்றாக இருந்ததால் மனம் வரவில்லை. அவை ஏற்கெனவே கேப் போட்ட பற்களாக இருந்திருந்தால் ஒருவேளை பிரிட்ஜையே தேர்ந்தெடுத்திருப்பேன்.

மெலிந்த எலும்பைத் தடிமனாக்க முதலில் எலும்புத் துகள் வைத்துத் தைத்தார்கள். ஐந்து மாதம் கழித்து இம்ப்ளான்ட் வைத்தார்கள். பல்லைப் பிடுங்கியபோது இருந்த வலியைவிட இதில் வலி குறைவாகவே இருந்தது. அதன் பிறகு மூன்று மாதம் காத்திருந்தோம். டைட்டானியத்தின் மேற்பரப்பில் எலும்பு நேரடியாக வளர்ந்து பற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் காத்திருப்பு. சுவீடனைச் சேர்ந்த பிரோனமார்க் 1952இல் முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியை ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது வரவில்லை; அந்தத் தற்செயல்தான் 1965இல் மனிதருக்கு இம்ப்ளான்ட் வைப்பதுவரை கொண்டு சென்றது. எலும்பு பற்றுவதற்குள் அவசரப்பட்டு அதன்மேல் கடித்து அசைத்துவிடக் கூடாது என்று எனக்குப் பலமுறை எச்சரிக்கை செய்தார்கள். பிறகு அளவெடுத்துக் கேப் பொருத்தினார்கள்.

எட்டு மாதம் கழித்து, நான் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்த பிறகு, கடிக்கும்போது அந்தப் பல்லில் மெல்லிய அசைவு தெரிந்தது. இம்ப்ளான்டே பிடுங்கிக்கொண்டது என்று எண்ணி அன்றிரவு அழுதேன். புதிய ஊரின் மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து, எலும்புக்குள் இருப்பது உறுதியாக இருக்கிறது, கேப்பைப் பிடித்திருக்கும் திருகு மட்டும் தளர்ந்திருக்கிறது என்றார். அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. “எந்தக் கம்பெனி, என்ன அளவு? அட்டை கொடுத்திருப்பார்களே” என்று கேட்டார். எனக்கு யாரும் எந்த அட்டையும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி திருகும் அதை முடுக்கும் கருவியும் மாறும், பொருந்தாததைப் போட்டால் திருகின் தலை தேய்ந்துவிடும் என்று சொல்லி அவர் என்னைத் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது சரி.

இம்ப்ளான்ட் வைத்த பழைய மருத்துவமனைக்கு நான்கு முறை தொலைபேசியில் பேசினேன். கோப்பைத் தேட வேண்டும் என்றார்கள், டாக்டர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். ஐந்தாவது முறை, இம்ப்ளான்ட் பெட்டியோடு வரும் ஒட்டுச்சீட்டைக் கோப்பில் ஒட்டியிருப்பீர்கள், அதைப் படமெடுத்து அனுப்பினால் போதும் என்று நானே விவரமாகச் சொன்னேன். அரை மணி நேரத்தில் படம் வந்தது. கம்பெனிப் பெயர், விட்டம், நீளம், தயாரிப்புத் தொகுதி எண் எல்லாமே அதில் இருந்தன. மறுநாள் மருத்துவர் கேப்பின் மேலுள்ள துளையின் அடைப்பை எடுத்து, திருகை உரிய விசைக்கு முடுக்கி, மீண்டும் அடைத்தார். பத்து நிமிட வேலை. கேப்பைச் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தால் உடைத்து எடுக்க வேண்டி வந்திருக்கலாம் என்றார். திருகு வகையா, ஒட்டும் வகையா என்று பொருத்துவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அசைவு தெரிந்தால் தள்ளிப்போடவும் வேண்டாம், தளர்ந்த திருகு உள்ளேயே முறிந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

இன்னொன்றையும் அவர்தான் சொன்னார். இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றியுள்ள உணர்வுள்ள நார்கள் இம்ப்ளான்டுக்குக் கிடையாது. அதற்குச் சொத்தை வராது என்றாலும் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் வலியே தெரியாமல் சீழ்ப்பிடித்துக் கரையக்கூடும். துலக்கும்போது இரத்தம் கசிந்தால் அதுவே முதல் அறிகுறி. அதனால் ஒவ்வோர் இரவும் சிறிய இடைவெளித் தூரிகையால் அந்தப் பல்லின் இருபுறமும் சுத்தம் செய்கிறேன். ஒட்டுச்சீட்டின் படத்தை அச்செடுத்து, உறையிட்டு, அடையாள அட்டையோடு சேர்த்துப் பையில் வைத்திருக்கிறேன்.