ஏற்காட்டுப் புட்டிகளும் எங்கள் கான்கிரீட் கட்டைகளும்

சேலத்தில் நான் வேலை பார்த்த கட்டுமானப் பொருள் சோதனைக்கூடத்துக்கு, ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளின் ஓரங்களில் பொறுக்கிய குடிநீர், குளிர்பானப் புட்டிகள் ஒருநாள் சாக்கு மூட்டைகளில் வந்து இறங்கின. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடப்புக்கு வந்த ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கான தடையில் பிளாஸ்டிக் குவளையும் தண்ணீர்ப் பாக்கெட்டும் இருந்தனவே தவிர, இந்தப் புட்டிகள் இல்லை. அவற்றைத் துருவலாக வெட்டி, எம்-சாண்டின் (பாறையை நொறுக்கிச் செய்யும் மணலின்) ஒரு பகுதிக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் போட்டுப் பார்ப்பது எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலைமுறை வெற்றி பெற்றிருந்ததால், இதுவும் எளிதாகவே முடியும் என்று நம்பினேன். அங்கே சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் உருகிப் படர்ந்து தாரோடு சேர்ந்துகொள்கிறது. கான்கிரீட்டிலோ அது உருகுவதில்லை, நீரை ஏற்காத வழவழப்பான துண்டாகவே சிமெண்டுக்குள் கிடக்கிறது என்பதை நான் அப்போது போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் கலவையில் மணலின் எடையில் 10 விழுக்காட்டை எடுத்துவிட்டு, அதே எடைக்குத் துருவலைச் சேர்த்தேன். மணலின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 2.65 கிலோ, புட்டிப் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.38 கிலோ என்பதால், 10 கிலோ மணல் விட்டுப்போன 3.8 லிட்டர் இடத்தில் 7.2 லிட்டர் துருவலைத் திணித்திருக்கிறேன். கலவை கரண்டிக்கு வராமல் முரண்டு பிடித்தது. "சார், இது மணலாட்டம் ஓடலைங்க, தண்ணி கேக்குது" என்றார் மேஸ்திரி. தண்ணீரைக் கூட்டினால் வலிமை போய்விடும் என்று நான் மறுத்தேன். அவர் சொன்னது கலவையின் நிலை, நான் திருத்தியிருக்க வேண்டியது கனஅளவை விட்டு எடையில் போட்ட என் கணக்கு.

அதைவிடப் பெரிய பிழை கழுவாமல் விட்டது. மறுநாள் அச்சைக் கழற்றியபோது சோதனைக்கு வார்த்த கட்டையின் விளிம்புகள் விரல் பட்டாலே உதிர்ந்தன. குளிர்பானத்தின் எச்சமாக ஒட்டியிருந்த சர்க்கரை, மிகச் சிறிய அளவிலேயே சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். அதன்பிறகு ஒவ்வொரு மூட்டையையும் வெந்நீரில் அலசி, மூடியும் லேபிளும் நீக்கி உலர்த்தினோம். அந்த வேலையைச் செய்த பெண்களின் கூலியைக் கணக்கில் எழுதாமல் இந்தக் கலவையை மலிவானது என்று சொல்வது நேர்மையாகாது.

எம்-20 கலவையில் (சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வலிமை கொண்ட கான்கிரீட்) 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டை 28 நாளில் குறைந்தது 450 கிலோநியூட்டன் சுமை தாங்க வேண்டும். 10 விழுக்காட்டுக் கட்டை அந்தச் சுமையை எட்டும் முன்பே விரிசல் விட்டது. ஆனால் வழக்கமான கட்டையைப் போலச் சிதறாமல், விரிசலுக்குக் குறுக்கே கிடந்த துருவல்கள் பிடித்துக்கொள்ள ஒன்றாகவே நின்றது. உடைந்த முகத்தில் ஒவ்வொரு துருவலும் கழன்று, சிமெண்டில் கண்ணாடி போன்ற தடத்தை விட்டிருந்தது. ஒட்டவே இல்லை என்பதை அந்தத் தடத்தைக் காட்டிலும் தெளிவாக எந்த அறிக்கையும் எனக்குச் சொன்னதில்லை.

பின்னர் கனஅளவில் 5 விழுக்காடு மட்டும் சேர்த்தோம். வலிமைக் குறைவு சிறிதே. இருந்தும் தூண், உத்தரம், கூரை எதற்கும் இதைப் பரிந்துரைக்கவில்லை. தீப்பிடித்தால் பிளாஸ்டிக் இளகி, உள்ளே வெற்றிடம் விடும். நடைபாதைக் கல்லுக்கும் கூடாது என்றேன், ஏனெனில் கால் தேய்க்கும் பரப்பிலிருந்து துகள்கள் மழைநீரோடு ஏற்காட்டு ஓடைகளுக்கே திரும்பிப் போகும். மண்ணுக்கு அடியில், சுமை ஏறாத நிரப்புப் படுகைக்கு மட்டும் ஒப்புதல் எழுதிக் கையெழுத்திட்டேன்.