பம்ப் ஓடிய கணக்கு

இரவு இரண்டேகால் மணிக்கு ஃபோன் அலறியது. படகில் மாட்டியிருக்கும் கண்காணிப்புக் கருவியிலிருந்து செய்தி: "பில்ஜ் பம்ப் ஓடுகிறது." படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளும் பம்ப் அது. படித்து முடிப்பதற்குள் இன்னொன்று. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பதினேழு செய்திகள் ஆகியிருந்தன. "படகா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள் மனைவி. நாற்பது நிமிடம் வண்டி ஓட்டிப் போய்ப் பார்த்தால், படகு கட்டிய இடத்திலேயே சாதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அடிவயிற்றில் இருந்த தண்ணீர் கணுக்காலைக்கூட நனைக்காது.

தப்பு என்னுடையதுதான். அன்று மாலை, தண்ணீர் ஏறினால் பம்ப்பை ஓடவைக்கும் மிதவை சுவிட்சைக் கழற்றித் துடைத்துவிட்டு, திரும்ப மாட்டும்போது ஒரு விரற்கடை கீழே இறக்கிவிட்டேன். பம்ப் நின்றதும் குழாயில் ஏறியிருந்த தண்ணீர் திரும்பி விழுகிறது. அது மிதவையைத் தூக்குகிறது. பம்ப் மறுபடி நாலைந்து விநாடி ஓடி அதே தண்ணீரை அதே குழாயில் ஏற்றுகிறது. விடிய விடிய இதே விளையாட்டு. குழாயில் ஒருவழி வால்வு போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அதில் குப்பை சிக்கினால் பம்ப்பே அடைத்துக்கொள்ளும் என்பதால் நான் போடவில்லை. சுவிட்சைப் பழைய உயரத்துக்கே ஏற்றினேன்.

கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அளவுப் பெட்டி. உள்ளே ஒரு சிம் கார்டு, ஜிபிஎஸ், வயர் இணைக்க நாலு முனைகள். பேட்டரி வோல்ட், பம்ப் ஓடுவது, தண்ணீர் மட்டம், படகு இருக்கும் இடம் ஆகியவற்றைக் கவனித்து ஃபோனுக்குச் சொல்லும். மாட்டுவது ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

முதல் ஞாயிறு முழுக்க ஒரே ஒரு வயரால் வீணானது. பம்ப் ஓடுவதை அறியும் வயரை, மிதவை சுவிட்சுக்கும் பம்ப்புக்கும் நடுவே இணைக்க வேண்டும். மிதவை எழும்போது மட்டும்தான் அங்கே மின்சாரம் வரும். நான் சுவிட்சுக்கு முன்னால், பேட்டரி பக்கம் இணைத்துவிட்டேன். பம்ப் ஓய்வே இல்லாமல் ஓடுவதாகக் கருவி சாதித்தது. கருவியைத் திட்டிக்கொண்டே மாலைவரை உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு பாடம் சில மாதம் கழித்து வந்தது. வீட்டு மின்வேலையில் மிச்சமிருந்த செம்பு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தேன். உப்புக் காற்றில் அது பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது. இப்போது ஈயம் பூசிய வயர், சூடாக்கினால் சுருங்கி வயரைப் பிடித்துக்கொள்ளும், உட்புறம் பசையுள்ள குழாய், பேட்டரி முனைக்கு ஒரு சாண் தள்ளி ஃபியூஸ். பெட்டியின் வயர்களைக் கீழ்ப்பக்கமாக வளைத்துவிட்டிருக்கிறேன். வயர் வழியே வழியும் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது.

படகு தாண்டினால் செய்தி வரும் இட எல்லையை முதலில் பத்து மீட்டர் என்று வைத்தேன். படகு நகராவிட்டாலும் ஜிபிஎஸ் கணக்கு சில மீட்டர் அங்குமிங்கும் அலையும். நீரோட்டம் திரும்பினால் படகும் கயிற்றின் நீளத்துக்குச் சுற்றிவரும். ஐம்பது மீட்டர் ஆக்கியபின் தூங்க முடிகிறது.

இனிதான் விஷயம். கருவி வாங்கும்போது எல்லோரும் "தண்ணீர் ஏறினால் சொல்லுமா?" என்றுதான் கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் பம்ப்புக்கும் பேட்டரிக்கும் தெம்பு இருக்கும்வரை தண்ணீர் ஏறவே ஏறாது. ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும், பம்ப் அதை மறைத்துக்கொண்டே இருக்கும். மட்ட எச்சரிக்கை வரும்போது பம்ப் தோற்றுவிட்டது என்று பொருள். ஆகவே நான் பார்ப்பது, பம்ப் நாளுக்கு எத்தனை முறை ஓடியது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைத்தான். அந்த இரவு எண்ணிக்கை பயங்கரம், நேரமோ நாலைந்து விநாடி. ஆகவே வெறும் குழாய்த் தண்ணீர்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்தது வேறு வகை. வழக்கமாக இரண்டு நாளைக்கு ஒரு முறை ஓடும் பம்ப், ஒரு திங்களன்று இரண்டு முறை ஓடியது. புதனன்று நாலு. வெள்ளியன்று ஆறு. ஒவ்வொன்றும் முழுதாக முக்கால் நிமிடம். ஏறத்தாழ எட்டு லிட்டர் வெளியே போகும் நேரம். பம்ப் ஓடிய செய்தி மட்டும் வந்தது, எச்சரிக்கை எதுவும் வரவில்லை. எந்த எண்ணும் எச்சரிக்கை அளவைத் தொடவில்லை.

சனிக்கிழமை டார்ச்சோடு குனிந்து படுத்துப் பார்த்தேன். புரொப்பெல்லர் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில், தண்ணீர் புகாமல் தடுக்கும் கிளாண்ட் என்ற அடைப்பில், தண்டு சுழலும்போது சில சொட்டு விழுவது இயல்புதான். நிற்கும்போது ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். இங்கே நூல் போல ஒரு தாரை, அறுபடாமல், சத்தமும் இல்லாமல். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளுக்கு நாலு லிட்டர் சேரும். இது அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். கிளாண்டின் நட்டை எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கினேன். அதிகம் இறுக்கினால் தண்டு சூடேறித் தேய்ந்துவிடும். தாரை சொட்டானது. இன்னொரு எட்டில் ஒன்று, சொட்டும் நின்றது. உள்ளே தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் பேக்கிங் கயிறு தேய்ந்துவிட்டது, படகைக் கரையேற்றும்போது மாற்ற வேண்டும்.

கருவியின் மௌனத்தையும் நான் இப்போது நம்புவதில்லை. பேட்டரி செத்தால் அதுவும் செத்துவிடும். செத்துவிட்டேன் என்று சொல்ல ஆளிருக்காது. அதனால் நலமாக இருந்தாலும் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு செய்தி அனுப்பும்படி வைத்திருக்கிறேன். 12.6 வோல்ட் என்றால் நிம்மதி. 12.2 என்றால் பேட்டரி பாதிக்கு வந்துவிட்டது, அன்றே போக வேண்டும். ஏழேகால் வரை எதுவும் வராவிட்டால் சாவியைத் தேடத் தொடங்கிவிடுவேன்.

மாதம் ஒரு முறை படகின் அடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். நேற்றும் ஊற்றினேன். ஒன்பது விநாடியில் செய்தி வந்தது.